உப்பில்லாக் கஞ்சி

கடித எண் 31
போடிநாயக்கனூர்,
20 ஏப்ரல் 1959, திங்கட்கிழமை, காலை மணி 6.40

அன்புள்ள மகன் தேவஇரக்கத்துக்கு,

உன் ஊணையும் உறக்கத்தையும் கர்த்தர் காத்துவருகிறார் என்ற நம்பிக்கையோடு உன் தகப்பன் எழுதுவது. 30ஆம் எண் கடிதத்தை 6ஆம் தேதிதான் தபாலில் சேர்த்தேன். மாதத்துக்கு ஒன்று என்ற முறையை மீறி மற்றொன்று எழுதுவது என் வழக்கமல்ல என்பதை நீ அறிவாய்.

குரங்கணிக்கு மேலே 14ஆம் தேதி கோடைமழை பெய்தது. நம் ஏலச்செடிகளில் பூச்சரம் நன்றாக இறங்கியிருப்பதாகக் காட்டு ஆள் சுருளி வந்து சொன்னான். உன் தங்கை கிரேஸுக்கு ராசிங்காபுரம் பள்ளியில் வேலை உறுதியாகிவிட்டது. செய்திகள் இவ்வளவே. இனி எழுதப்போவது உன் அம்மாவைப் பற்றி.

ஆகாயத்துக்கு அப்பால் மாதக்கணக்கில் பயணம் செய்யப்போகிறவர்களுக்கு எந்த உணவு தகும் என்று அறிவதற்காக, நீயும் வேறு மூவரும் அந்தச் சீமையில் ஓர் இரும்பு அறைக்குள் அடைபட்டு, குழாயில் அடைத்த கூழை மட்டும் உண்டு ஐம்பது நாள் இருக்கப்போவதாக ஜனவரியில் எழுதியிருந்தாய். நாங்கள் பயப்படக்கூடாது என்று, அது வெள்ளையாக, "நம் வீட்டு உப்பில்லாக் கஞ்சி மாதிரி" இருக்கும் என்றும் எழுதினாய். அந்த வரியைக் கிரேஸ் வாசித்ததும் உன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். நீ உள்ளே சென்ற பிப்ரவரி 11, லெந்து உபவாச நாட்களின் முதல் நாளாகவும் அமைந்தது. அன்று காலை அவள் சொன்னது இது: "எம் புள்ள வாயில போகாதது என் வாயிலயும் போகாது."

அன்றுமுதல் அவள் ஆகாரம் தீட்டிய பச்சரிசிக் கஞ்சி மட்டுமே. உப்பில்லை, பருப்பில்லை, ஒரு கீரை இலைகூட இல்லை. லெந்து உபவாசம் என்று நானும் தடுக்கவில்லை. ஈஸ்டர் மார்ச் 29இல் வந்து போயிற்று. கறிக்குழம்பின் முன் உட்கார்ந்து எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அவள் தன் கஞ்சியைக் குடித்தாள்.

உன் கூழில் உயிர்ச்சத்துகள் அளந்து கலக்கப்பட்டிருக்கின்றன என்று நீ இரண்டாம் பக்கத்தில் எழுதியதைப் பலமுறை எடுத்துச் சொன்னேன். உன் குழாயில் கண்ணுக்குத் தெரியாதவை எல்லாம் இருக்கின்றன, அவளுடைய கிண்ணத்தில் தெரிவது மட்டுமே இருக்கிறது என்றேன். அவளைச் சாப்பிட வைக்க நான் இல்லாததைக் கட்டிச் சொல்வதாக நினைக்கிறாள். டாக்டர் கொடுத்த உயிர்ச்சத்து மாத்திரையை வாயில் அடக்கி வைத்திருந்து, நான் திரும்பியதும் துப்பிவிடுகிறாள். கஞ்சியில் பொடித்துக் கலந்து பார்த்தோம். ஒரு வாயில் கண்டுகொண்டு, மறுநாளிலிருந்து தானே உலை வைக்கிறாள். சமையல்கார முனியாயிக்குக்கூட அடுப்படியில் இடமில்லை. "சின்னய்யா ஆகாசத்துக்குப் போறதுக்கு முந்தி ஆத்தா போயிருவாக போலிருக்கே" என்று முனியாயி கேலியாகத்தான் சொன்னாள். நான் அவளைக் கடிந்துகொண்டேன். அதன்பின் அன்றைக்கு எனக்கும் சோறு இறங்கவில்லை.

நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்பதை உனக்கு இதுவரை சொன்னதில்லை. 1924 ஜூலைப் பெருமழையில் நம் ஏலக்காட்டுக் காவலர் இருவர் மேலே அடைபட்டார்கள். மாதங்கள் கழித்துப் பாதை திறந்து நாங்கள் போனபோது, அவர்கள் அதுவரை தின்றுவந்த ஒரே ஆகாரமான, தவிடு போகத் தீட்டிய ரங்கூன் வெள்ளை அரிசி பாதி மூட்டை மீதமிருந்தது. ஒருவன் இறந்து கிடந்தான். மற்றவனுக்கு இரு கால்களும் வீங்கியிருந்தன. விரலால் அழுத்திய குழி நிரம்பவேயில்லை. பசித்து மாள்வதை ஊரறியும். வயிறு நிறைய உண்டு மாண்டவனை அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை உன் அம்மா கோயிலுக்குப் புறப்பட்டவள், செருப்பு கழன்றதை அறியாமல் நாலைந்து வீடு தாண்டிவிட்டாள். பாதத்தில் உணர்ச்சி இல்லை.

நீ நலமாக வெளியே வந்துவிட்டாய் என்ற தந்தி 3ஆம் தேதியே கிடைத்தது. அதைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இது போஸ்டாபீசுக்காரன் எழுத்து. எம் புள்ள எழுத்தைக் கொண்டாங்க, திங்கிறேன்" என்றாள்.

அவளைப் பிடிவாதக்காரி என்று எழுத நினைத்துதான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. தந்தி வந்து பதினேழு நாளாகியும் உன் கடிதம் ஒன்றும் இல்லையே, மகனே. தந்தியை யார் வேண்டுமானாலும் கொடுத்திருக்கலாம். உன் விரல்களுக்குப் பேனா பிடிக்கும் வலு இருக்கிறதா? உன் கால்கள் எப்படி இருக்கின்றன? இதை அவள் முன்னால் நான் கேட்கவில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

இன்று என்ன உண்டாய் என்று அம்மாவுக்கு ஒரே வரி, தமிழில், உன் கையால் எழுது. கீரை உண்டிருந்தால் கீரை என்று எழுது. உண்ணாவிட்டால் உண்டுவிட்டு எழுது. பொய் வேண்டாம், அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

கர்த்தர் உன்னை எங்கள் பந்திக்குத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைப்பாராக.

உன் தகப்பன்,
ஞா. வேதமாணிக்கம்

இத்துடன் வைத்திருப்பவை:

1. டாக்டர் எழுதிய சீட்டின் நகல், ஒன்று.

2. நூல், இரண்டு. கறுப்பு நூல் உன் அம்மாவின் வலது கணுக்காலைச் சுற்றி 6ஆம் தேதி அளந்தது. வெள்ளை நூல் இன்று காலை அளந்தது. மேசைமேல் நீட்டி, அருகருகே வைத்துப் பார்.

3. அம்மாவின் பெயரும் விலாசமும் எழுதிய உறை, ஒன்று. அங்கத்திய தபால்தலை மட்டும் ஒட்டினால் போதும்.

4. எழுதாத தாள், ஒன்று. கை நடுங்கினால் நடுங்கினபடியே எழுது. எழுத்து கோணலாயிருந்தால் இந்த ஒருமுறை நான் எதுவும் சொல்லமாட்டேன்.