பார்த்ததை மட்டும்

ஜூன் 2, ஞாயிறு

காலையிலிருந்து மழை. டீக்கடைக்கு ஈ கூட வரவில்லை. வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்து மிஞ்சிய பழம்பொரியை நானே தின்று வியாபாரத்தை நடத்தினேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மகள் பிரசீதாவும் மருமகன் வினீஷும் வந்தார்கள். அவன் தலைமையாசிரியன், அவள் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். எட்டாம் வகுப்பை விட்டுப்பிரிய மனமில்லாமல் இரண்டு தடவை படித்த எனக்கு இப்படி ஒரு மருமகன்.

விடுமுறையில் தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி நடந்ததாம். இனி டீச்சர்கள் பாடம் நடத்தும்போது இவன் பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து, பிறகு அவர்களிடம் பேச வேண்டும். "பிரமாதம், மோசம்னெல்லாம் சொல்லக் கூடாது. பாத்ததை மட்டும் சொல்லணும்" என்றான்.

உடனே நானும் பயிற்சி எடுத்தேன். "சுலோசனா, என் தட்டுல மீன்வால்தான் கிடக்கு."

"உள்ள போன நடுத்துண்டு மூணையும் நான் பாத்தேனே, சொல்லட்டா?" என்றாள் என் மனைவி.

பிரசீதா சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். நாலாம் மாதம். மெதுவாச் சிரிடி என்றேன்.

ஜூன் 15

குழந்தை தங்கவில்லை.

ஜூன் 16

ஆஸ்பத்திரி வராந்தாவில் நானும் வினீஷும். அவன் அழவில்லை. சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தான். தோளில் கை வைக்கலாம் என்று தூக்கிய கையைப் பாதியில் திருப்பிச் சட்டைப்பையில் பீடி தேடினேன். பீடியை விட்டு எத்தனையோ காலமாயிற்று. ஆறுதல் சொல்லக் கெட்டிக்காரன் நான்.

ஜூன் 27

பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் ஓய்வெடு என்றால், வீட்டில் இருந்தால் சுவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்கிறாள்.

ஜூலை 3

எங்கே தொடங்குவது?

இன்று வினீஷ் அவள் வகுப்பைக் கவனித்திருக்கிறான். பெண்டாட்டியை மட்டும் விட்டுவைத்தால் மற்ற டீச்சர்கள் பேசுவார்களாம். குழந்தை வரப்போவதைப் பள்ளி திறந்த அன்றே பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தாள் இவள். அதில் ஒன்று பாடத்துக்கு நடுவே எழுந்து, "டீச்சர், பாப்பா எப்ப வரும்?" என்று கேட்டுவிட்டது. இவள் கரும்பலகைப் பக்கம் திரும்பி, சாக்பீஸைப் பிடித்தபடி அப்படியே நின்றிருக்கிறாள்.

வகுப்பு முடிந்ததும் தன் அறைக்குக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்துச் சொன்னானாம்: டீச்சர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்றார், அந்த நேரம் ஜன்னலோரப் பிள்ளைகள் மழையை வேடிக்கை பார்த்தார்கள்.

டீச்சர் என்றானாம் — பெண்டாட்டியை.

அவள் நேரே கடைக்கு வந்தாள். பின்னாலேயே அவன்.

"அந்தப் பிள்ளை கேட்டது உங்க காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அதைச் சொல்லலையே."

"அது பாடத்துல சேராது, பிரசீ."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அது உங்க பாப்பாவும்தானே" என்றாள்.

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மாட்டினான். மறுபடி கழற்றினான். ஐயோ, ஏதாவது ஒண்ணு சொல்லித் தொலையேன்டா — எனக்குள் கதறினேன். வாயைத் திறந்தபோது வந்தது என்ன? "மழை வலுக்குது, உள்ள வாங்க." அவள் மட்டும் வந்தாள்.

ஜூலை 11

எட்டு நாளாகப் பிரசீதா எங்கள் வீட்டில்தான். வெட்கத்தை விட்டு அவனைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கே போனேன். வினீஷ் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். பிறகு சொன்னான்: "பயிற்சியில இன்னொண்ணும் சொல்லிக் குடுத்தாங்க. பாத்ததைச் சொன்னதும், 'அந்த நேரம் உங்க மனசுல என்ன இருந்துச்சு'ன்னு கேக்கணும். கேட்டிருந்தா நான் அங்கேயே உடைஞ்சிருப்பேன். அதான் கேக்கலை."

ஊரார் வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரி, இதை அவளிடம் வந்து சொல்லுங்கள் மாஷே என்றேன். தலையாட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் பொறுக்க முடியாமல் நானே அவளிடம் சொல்லிவிட்டேன். "அதை அவர் சொல்லணும்ப்பா" என்றாள்.

ஆகஸ்ட் 2

வரவில்லை.

ஆகஸ்ட் 20

அதே நிர்வாகத்துக்கு வயநாட்டில் இன்னொரு பள்ளி இருக்கிறது. அங்கே மாற்றல் கேட்டு வாங்கிவிட்டாள். தலைமையாசிரியர் கையெழுத்து வேண்டுமாம். போட்டுக் கொடுத்திருக்கிறான். பெட்டியை பஸ்ஸில் ஏற்றியவன் நான்.

நவம்பர் 9

காலைக் கூட்டத்தோடு கூட்டமாக வினீஷ் கடைக்கு வந்தான். இளைத்துப் போயிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அச்சன் என்றுதான் என்னைக் கூப்பிடுவான். பெற்ற அப்பனைக் கூப்பிடுகிற அதே சொல். இன்று பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஊரார் எல்லோரையும்போல, "சுகுமாரேட்டா, ஒரு சாயா" என்றான்.

சர்க்கரை போடலாமா என்று கேட்டேன், தெரியாதவன்போல.