கிழக்கைத் தேடி வந்தவர்கள்

மே 21, 2006. ஞாயிறு. போலாரம், செகந்திராபாத்

வீடு பார்க்க வந்த மூன்றாவது ஆளும் வேண்டாம் என்றுவிட்டார். தொலைபேசியில் இரண்டே வாக்கியம். வீடு பிடித்திருக்கிறது. வாசல் சரியில்லை.

வாசலுக்கு என்ன? முப்பது வருடமாக அதன் வழியாகத்தான் போய் வருகிறோம். யாரும் தடுக்கி விழுந்ததில்லை. அம்மா விழுந்தது கொல்லைப்பக்கம். குளியலறை வீட்டுக்கு வெளியே, ஆறு படி இறங்கி. அம்மாவின் முழங்காலுக்கு அந்த ஆறு படியும் இப்போது ஒரு பகல் வேலை.

அதனால்தான் விற்கிறோம். மாரேட்பள்ளியில் தரைத்தளத்தில் ஒரு ஃப்ளாட் பார்த்து வைத்திருக்கிறேன். படியே இல்லை. அதன் சொந்தக்காரர் சீனிவாசன் ஜூன் முப்பது வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது.

அம்மாவுக்கு ஃப்ளாட் பிடித்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை.

மே 23

அலுவலகத்தில் நாள் முழுவதும் மென்பொருள் கையேடு எழுதினேன். ‘தொடர விருப்பமா? ஆம் / இல்லை.’ வீடு பார்க்க வருகிறவர்களிடமும் இந்த இரண்டு பொத்தான்கள் மட்டும் இருந்திருக்கலாம்.

மே 28. ஞாயிறு

சௌந்தரராஜன், ஸ்ரீவாணி. புதுக் கணவன் மனைவி. இருவருக்கும் மாதாப்பூரில் ஒரே நிறுவனத்தில் வேலை. அவர் ஈரோடு, அவள் விஜயவாடா. கையில் அச்சடித்த தாள். அறுபத்திரண்டு கேள்விகள். எண் போட்டிருந்தது.

“ஏனுங்க சார், மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கமுங்க போகும்?”

“கீழ் பக்கம்” என்றார் அப்பா.

அதையும் எழுதிக்கொண்டார்.

ஸ்ரீவாணி எல்லாக் குழாயையும் திறந்து பார்த்தாள். எதையும் மூடவில்லை. பின்னாலேயே போய் நான் மூடினேன். வராந்தாவுக்கு வந்ததும் இருவரும் நின்றுவிட்டார்கள். அங்கே அப்பாவின் ஒலிபெருக்கிகள்: புனல்கள், வயர்கள், செத்த காந்தங்கள். ஜீடிமெட்லா தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றபிறகு செகந்திராபாத்தில் பாதிக் கோவில்களின் மைக் செட்டுகள் அவர் கைக்குத்தான் வருகின்றன. கோவில் என்றால் எங்கள் வழக்கில் சர்ச்.

“இதெல்லாம் எடுத்துருவீங்கல்லங்க?”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி துடைத்தார்.

மே 30

சௌந்தரராஜன் ஏழு முறை கூப்பிட்டார். ஏழாவது முறை, ஆறாவது முறை கேட்டதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்டார்.

ஜூன் 3. சனி

இன்று வேறு வகை. ராகவேந்திரா, போவன்பள்ளி மார்க்கெட்டில் தக்காளி மொத்த வியாபாரி. விடிவதற்குள் நூறு லாரிக்கு விலை சொல்லிப் பழகியவர். வீட்டுக்குள் நுழையவே இல்லை. கேட்டருகே நின்றபடி இடதுபுறம் ஒரு பார்வை, வலதுபுறம் ஒரு பார்வை. அவர் பேசியது தெலுங்கு. இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“முடிந்தது. பத்து நாளில் காலி செய்துவிடுங்கள். பதினோராம் நாள் இடிக்கிறேன்.”

யோசித்துச் சொல்கிறோம் என்றேன்.

“யோசித்தால் தக்காளி அழுகிவிடும், அம்மா.”

ஒரு கூடைத் தக்காளியை வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் அம்மா ரசத்துக்கு எடுக்கும்போது அடியில் ஒரு உறை. டோக்கன் அட்வான்ஸ். இந்த ஊரில் அதைக் கையில் வாங்கினால் பேச்சு முடிந்தது என்று பொருள். நாங்கள் கையில் வாங்கவில்லை. தக்காளிக்கு அடியில் வாங்கியிருக்கிறோம்.

அம்மா: “இந்த ஆளுக்கு கைக்குடி இவ்ளோ அவசரம்?” (கைக்கு என்றால் ஏன். இந்த ஊர் உருது எங்கள் வீட்டுத் தமிழில் ஏறிவிட்டது.)

ஜூன் 4

காலை ஐந்தரைக்கு போவன்பள்ளி. கோஸ் தழைகள்மேல் வழுக்கிக்கொண்டே போய் உறையைத் திருப்பிக் கொடுத்தேன். கூடவே கூடையையும். அதில் தக்காளி நிறையவே குறைந்திருந்தது.

ராகவேந்திரா சிரித்தார். “நீங்களே திரும்பி வருவீர்கள்.”

திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, பசிக்கிறது. நல்ல பசி.

ஜூன் 9. வெள்ளி

சௌந்தரராஜனின் அவசரத்துக்குக் காரணம் இன்று தெரிந்தது. அவள் வீட்டில் ஆஷாடம் பார்ப்பார்கள். அது ஜூன் 26-இல் ஆரம்பம். அது முடிவதற்குள் இவர் வீட்டு ஆடி வந்துவிடுகிறது. ஆடி முடிய ஆகஸ்ட் 16. இரண்டு பஞ்சாங்கத்தையும் ஒட்டி வைத்தால் ஐம்பத்திரண்டு நாளைக்கு அந்த வீட்டில் யாரும் எதுவும் வாங்க முடியாது.

“அதனாலதானுங்க பதட்டமா இருக்குது. லோன் கையில இருக்குது. இருபத்தஞ்சாந் தேதிக்குள்ள பதிவு பண்ணிட்டா போதுமுங்க. திசை மட்டும் ஒருக்கா பாத்துக்கறோம்.”

அவர்களுக்கு இருபத்தைந்து. எனக்கு முப்பது. முதல் முறையாக அவர் குரல் எனக்கு எரிச்சலாக இல்லை.

ஜூன் 11. ஞாயிறு

வாஸ்து பார்க்கிறவர் வந்தார். பட்டுச் சட்டை, பித்தளைத் திசைகாட்டி. அப்பா மரியாதையாக வராந்தாவில் ஸ்டூலைப் போட்டார். அம்மா பூத்தையல் போட்ட மேசைத்துணியை அதன்மேல் விரித்தாள். அவர் திசைகாட்டியை வைத்தார். ஊசி ஆடியது. நின்றது.

“ஆக்னேயம்.”

தென்கிழக்கு. அக்கினி மூலை. கேட் கிழக்கில் இல்லையாம், நாற்பது டிகிரி தள்ளியாம். ஸ்ரீவாணியின் முகம் அப்படியே வாடிவிட்டது. சௌந்தரராஜன் தன் சொந்தத் திசைகாட்டியையும் அதே ஸ்டூலில் வைத்துப் பார்த்தார். அதே நாற்பது.

போய்விட்டார்கள். அறுபத்திரண்டு கேள்வித் தாளை மடிக்கக்கூட இல்லை.

ஜூன் 12

முதலில் வந்த மூன்று பேரையும் மறுபடி கூப்பிட்டுக் கேட்டேன்.

இல்லை. இல்லை. இல்லை.

ஜூன் 14. புதன்

சீனிவாசன் நினைவூட்டினார்: முப்பது. ராகவேந்திரா கூப்பிட்டார்: “இடிக்கிறவனுக்கு எல்லாத் திசையும் ஒன்றுதான், அம்மா. நாளை மறுநாள் வரை பார்ப்பேன்.”

அம்மா கொல்லைப் படியில் பக்கவாட்டாக இறங்குவதை ஜன்னலில் இருந்து பார்த்தேன். நண்டுபோல. ஒவ்வொரு படிக்கும் ஒரு “யேசுவே.”

வெள்ளிக்கிழமை ராகவேந்திராவுக்குச் சரி என்று சொல்லிவிடலாமா?

ஜூன் 15. வியாழன்

எழுத வேண்டும். வரிசையாக.

சௌந்தரராஜன் தன் திசைகாட்டியை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். சும்மா கையில் எடுத்தேன். ஸ்டூல்மேல் தென்கிழக்கு. எடுத்துக்கொண்டு டீ போடப் போனேன். சமையலறை மேசையில் வைத்தேன். அதே கேட், அதே நான் — கிழக்கு. சுத்தமான கிழக்கு. மறுபடி ஸ்டூல். தென்கிழக்கு. முற்றத்தின் நடுவில், மண்மேல். கிழக்கு.

மேசைத்துணியைத் தூக்கினேன். ஸ்டூலின் கீழ்த்தட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டு ஒலிபெருக்கிக் காந்தங்கள். சாப்பாட்டுத் தட்டு அகலம்.

அப்பா சாலிடர் வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எப்போ வச்சீங்க?”

“ஏப்ரல்ல.”

“கைக்குப்பா?”

“உன் ஃப்ளாட்ல பால்கனி எவ்ளோ?”

“நாலடிக்கு ரெண்டடி.”

“இதெல்லாம் எங்க வைப்பேன்?” சாலிடரைக் கீழே வைத்தார். “உங்கம்மாவ சமையல்கட்டு பாருங்கன்னு கூட்டிட்டுப் போன. பாத்ரூம் பாருங்கன்னு கூட்டிட்டுப் போன. என்னை ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.”

“நீங்க சொல்லியிருக்கலாம்ல.”

“வேணாம்னு சொன்னா அவ முட்டிய பாக்காத மனுசன்னு ஆகும். அதான் சொல்லல. ஸ்டூல் போட்டேன்.”

அம்மாவிடம் போனேன். உங்களுக்குத் தெரியுமா? அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே: “துணி கீழ வரைக்கும் தொங்கட்டும்னாரு. தொங்கவிட்டேன். கைக்குன்னு கேக்கல.”

சிரிப்பு வந்தது. பிறகு அழுகை. பிறகு வெட்கம். வாங்க வருகிறவர்களின் அவசரத்தைப் பற்றி இந்த நோட்டில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். எல்லோரையும்விட அவசரப்பட்டது யார்?

ஜூன் 16. வெள்ளி

ராகவேந்திராவிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். வேறு ஆள் கையில் இல்லை. தெரிந்தேதான் சொன்னேன்.

ஜூன் 17. சனி

அரைநாள் விடுப்பு. அப்பாவை ஃப்ளாட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மாவும் வந்தாள். பால்கனியைப் பார்க்கவே இல்லை அவர். நேராகப் பின்பக்கம் போனார். அந்த ஃப்ளாட்டுக்கே சேர்ந்த அடைத்த ஸ்கூட்டர் ஷெட் ஒன்று இருக்கிறது. கதவு துருப்பிடித்துப் பூட்டியிருந்தது. சீனிவாசன் சாவி தேட அரை மணி நேரம். திறந்தால் பழைய கட்டில், சிமெண்ட் மூட்டை, எலி வாசம்.

“அது குப்பை ரூம்மா. அதை நான் வச்சுக்கறேன்.”

“அந்தக் குப்பையும் சேர்த்துத்தான் வாங்கறோம். பத்திரத்துல எழுதணும்.”

“இப்போ போய் புதுசா—”

“எழுதலன்னா ஃப்ளாட் வேணாம்.”

இது என் குரலா? வாசலில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சீனிவாசன் அப்பாவைப் பார்த்தார். அப்பா உள்ளே சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், ஸ்பீக்கர் சோதிக்கிற மாதிரி, காதை வைத்து.

“எழுதிடலாம்” என்றார் சீனிவாசன்.

பஸ்ஸில் அப்பா சொன்னது ஒரே வாக்கியம். “ஃபோன் நம்பர் குடு, அந்த ஈரோட்டுப் பையன்து.”

ஜூன் 18. ஞாயிறு

பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார்கள். சௌந்தரராஜன் கையில் இன்னும் மூன்று திசைகாட்டி. ஒன்று ராணுவத்தினுடையது. எங்கே பிடித்தாரோ.

அப்பா முற்றத்தின் நடுவில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தார். மூன்றையும் அதன்மேல் வைக்கச் சொன்னார். மூன்றும் கிழக்கு. பிறகு உள்ளே போய் அந்தக் காந்தங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தார், குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி. பெட்டியைச் சுற்றி நடந்தார். மூன்று ஊசியும் அவரோடு சேர்ந்து சுற்றின.

“தம்பி, உங்க ஊசி பொய் சொல்லல. நான்தான் சொல்ல வச்சேன். தப்புதான். மன்னிச்சுக்குங்க.”

ஸ்ரீவாணி ஏதோ தெலுங்கில் வேகமாகச் சொன்னாள், கோபமாக. பிறகு அவள் குனிந்து, “அங்கிள், இன்னொருமுறை சுற்றுங்கள்” என்றாள் ஆங்கிலத்தில்.

அப்பா சுற்றினார். நான்கு முறை. கடைசி முறை அவளே காந்தத்தை வாங்கிச் சுற்றினாள்.

சௌந்தரராஜன் மட்டும் இன்னும் தாளோடு நின்றார். “ஏனுங்க சார், அப்ப மத்த அறுபத்தியொரு பதிலும்…?”

“ஹவ், ஆமா, அதெல்லாம் நெஜம்” என்றார் அப்பா. “தண்ணி கீழ் பக்கம்தான் போகும்.”

ஜூன் 24. சனி

காலை 5:40-க்கு சௌந்தரராஜனின் முதல் அழைப்பு. பத்திரப்பதிவு அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் பதினாறு.

சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. ‘இருதயராஜ்’ என்று அப்பாவின் பெயரை 10:19-க்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சௌந்தரராஜனுக்கு வியர்த்துக் கொட்டியது. ஸ்ரீவாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள், ஐஸ் மாதிரி.

அப்பா எழுந்தார். மேஜை வரை போனார். சட்டைப்பையைத் தடவினார். “கண்ணாடி இல்ல சார். படிக்காம கையெழுத்துப் போடமாட்டேன்.” எல்லாப் பையையும் தேடினார். குடைக்குள் தேடினார். அம்மாவின் பைக்குள் இருந்த ஜெபமாலை, மாத்திரை, கர்ச்சீப், ஒவ்வொன்றாக வெளியே வந்தது. குமாஸ்தா பொறுமையிழந்து அடுத்த பெயரைக் கூப்பிட்டார். 10:32-க்கு அப்பாவின் நெற்றிக்கு மேலிருந்தே கண்ணாடி கிடைத்தது.

கட்டைவிரல். புகைப்படம். முடிந்தது.

வெளியே வந்ததும் சௌந்தரராஜன் அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கேள்வியே வரவில்லை. அறுபத்துமூன்றாவது கேள்வி என்று ஒன்று கிடையாது.

நாங்கள் ஜெயித்துவிட்டோம். இப்படி எழுத எனக்குக் கூச்சம். எழுதிவிட்டேன்.

ஜூன் 29

ஃப்ளாட் பதிவு முடிந்தது. ஷெட் பத்திரத்தில், நான்காம் பக்கத்தில்.

ஜூலை 2

அம்மா குளித்துவிட்டு வந்தாள். “யேசுவே” என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை.

செப்டம்பர் 3. ஞாயிறு. மாரேட்பள்ளி

ஆடி கழிந்து போலாரம் வீட்டில் குடிபுகுந்துவிட்டார்கள். பால் காய்ச்சியதற்குப் போனோம். அந்த ஆறு படியில் பூந்தொட்டிகள்.

இன்று காலை ஷெட் வாசலில் ஒரு புது ஜோடி. சௌந்தரராஜன் அலுவலகத்து ஆட்களாம். கொம்பள்ளியில் வீடு பார்த்திருக்கிறார்கள், திசையில் சந்தேகம். “இருதயராஜ் சார்கிட்ட ஊசியைச் சரி பாத்துக்காம எதுவும் முடிவு பண்ணாதீங்க” என்று சொல்லி அனுப்பினாராம். அந்தப் பையன் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கடிகாரத்தைப் பார்ப்பதும், தொலைபேசியைப் பார்ப்பதும்.

“அவசரமில்ல தம்பி. உக்காருங்க” என்றார் அப்பா.

பழைய ஸ்டூலைப் போட்டார். அம்மா துணியை விரித்தாள்.

நான் குனிந்து துணியைத் தூக்கிப் பார்த்தேன். அப்பா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

கீழ்த்தட்டில் ஒன்றுமில்லை.