திங்களுக்குள் தேறியாக வேண்டும்

1942 நவம்பர் 4, புதன்

விடாத மழை. விறகெல்லாம் ஈரம். அடுப்போடு அரை நாள் மல்லுக்கட்டு.

பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ் வழியில் நின்றுபோய், புதுக்கோட்டை நர்ஸம்மா ஆலங்குடி வந்து சேர மத்தியானம். பக்கவாதத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் தனியாக என்னென்ன செய்துகொள்கிறார் என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். தேறினால் திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடம் போகலாம். இல்லையென்றால் என் இடத்துக்கு வேறு டீச்சர். எச்.எம். அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். துணைக்கு இருக்கும் மதினியும் (இவருடைய அக்கா) சனிக்கிழமை ஆவூர் திரும்புகிறார்.

"குடத்துத் தண்ணிய நீங்களே மோந்து குடிங்க, பாப்போம்."

இவர் குடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சும்மா இருந்தார். பாயைச் சுருட்டச் சொன்னால் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். கஞ்சி ஊற்றிக்கொள்ளச் சொல்வதற்குள் மதினி ஊற்றிவிட்டார். "ஆம்பளைய இதெல்லாம் செய்யச் சொல்றீங்களே, நல்லாவா இருக்கு?"

எல்லாவற்றுக்கும் 'முடியாது' என்று எழுதிக்கொண்டார் நர்ஸம்மா.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் என்றைக்குத் தண்ணீர் மோந்து குடித்தார்? கை கால் நன்றாக இருந்தபோதே செய்யாததை வாதம் எங்கே கொண்டுபோயிற்று?

நவம்பர் 5, வியாழன்

தூறல். உப்பு, தீப்பெட்டி வாங்கியது. மண்ணெண்ணெய் இல்லையாம்.

நர்ஸம்மா கன்னியர் மடத்தில் தங்கல். போய் உள்ளதைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"அப்ப அவரு தன் கையால என்னதான் செய்வாரு?"

யோசித்தேன். சவரத்துக்கு ஆள் வரும். வேட்டி கட்டுவார், அதையும் இப்போது மதினி கட்டிவிடுகிறார், சொன்னால் கேட்பதில்லை. மிச்சம் வெற்றிலை. காம்பு கிள்ளி, இலையின் முதுகில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடிப்பது. பேசிக்கொண்டே செய்வார்.

"சரி, சனிக்கிழமை அதையே பாப்போம்."

வரும் வழியெல்லாம் மாதாவிடம் வேண்டிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 7, சனி

வெயில். துணி காய்ந்தது.

வெற்றிலைச் செல்லத்தை இவர் முன்னால் வைத்தேன். வலது கையால் இலையை அமுக்கிக்கொண்டு இடது கையால் காம்பைக் கிள்ளினார். சுண்ணாம்பு. மடிப்பு.

"கை நல்லா வருதே. இவரு தேறிட்டாரு. நீங்க தைரியமா வேலைக்குப் போங்க டீச்சர்."

நர்ஸம்மா பார்த்தது கையை. நான் பார்த்தது வேறு. பாக்கு செல்லத்திலேயே கிடந்தது. சுண்ணாம்பு தடவியதை மறந்து மறுபடி தடவினார், மறுபடியும். மடித்ததற்குள் பாதி சுண்ணாம்புதான். வாயில் போட்டால் வெந்துபோகும்.

நான் பேசாமல் இருந்தால் வேலை நிலைக்கும். கிணறும் அடுப்பும் உள்ள வீட்டில் இந்த மனுஷனை எப்படித் தனியே விடுவேன்?

வாய்க்குக் கொண்டுபோனார். கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

"பிரிச்சுப் பாருங்க நர்ஸம்மா."

பிரித்தார். எழுதியதை அடித்தார்.

மதினி மூட்டையும் கையுமாக நின்று, "கெடச்ச வேலையக் கெடுத்துக்கிட்டியே, வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். சொல்வது சுலபம். இவர் மேல் கோபம், மதினி மேல் கோபம், எல்லார் மேலும் கோபம். வர முடியாதென்று எச்.எம். அம்மாவுக்குச் சொல்லி அனுப்பியாகிவிட்டது.

சாயங்காலம் இவர் கூப்பிட்டார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி.

"நாந் தேறிட்டேன்னு நர்ஸம்மா சொன்னுச்சுல்ல. திங்கக்கெழமை நீ பள்ளிக்கொடம் போ. நான் இருந்துக்கிருவேன்."

சாப்பிட வாங்க என்றேன்.