நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு

நெல்லிவாசல்,
9.8.1983

அன்புள்ள அப்பாவுக்குத் தோத்திரம். மலையில் நான் சுகம். உங்களுக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

நீங்கள் படித்துவிட்டு அனுப்பிய மூன்று நாவல்களும் வந்தன. ஜீப் ஓடையில் சிக்கிப் புத்தகக் கட்டு நனைந்துவிட்டது. "இன்னா டீச்சர், கதை புக்குக்கா இவ்ளோ கவலை?" என்று டிரைவர் லத்தீப் சிரித்தார். அடுப்போரம் காயவைத்துப் படித்தேன்.

மந்திரவாதி கதையில் எதற்கெடுத்தாலும் மோதிரத்தைத் தேய்க்கிறான், புத்திக்கு வேலையே இல்லை. காதல் கதையில் கதாநாயகி இருநூறு பக்கம் அழுகிறாள். ஒரு கடிதம் போட்டிருந்தால் பத்துப் பக்கத்தில் முடிந்திருக்கும். காலேஜ் பிள்ளைகள் கதைதான் பிடித்தது. அதில் பசிக்கிறது, சண்டை வருகிறது.

எப்போதும் ஓரத்தில் பென்சிலால் "பொய்", "அழுமூஞ்சி" என்று எழுதுவீர்கள். காதல் கதையில் அது வரவரக் கோணலாகி, நாற்பதாம் பக்கத்தோடு நின்றுவிட்டது. மற்ற இரண்டில் ஒன்றுமே இல்லை. நனைந்து அழிந்தது என்று சொல்லாதீர்கள். அந்த நாற்பது பக்கமும் நனைந்ததுதான், எழுத்து அப்படியே இருக்கிறது. போன கடிதமும் அம்மா கையெழுத்து.

மிளகாய்த்தூளும் வெள்ளை நூல்கண்டும் வேண்டும். ஜீப் கிளம்புகிறது. பதிலை அம்மாவை எழுதச் சொல்லாதீர்கள். கோணலாக இருந்தாலும் உங்கள் கையால் "பொய்" என்று ஒரு வார்த்தை போதும்.

உங்கள் மகள்,
பிலோமினாள்