நாலு பக்கக் காரணம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள். எனக்கு இருமலைத் தவிர குறையொன்றும் இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. தையல் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவின் உரிமத்தை நகராட்சி ஒற்றை வரியில் ரத்து செய்தது. அவரை விசாரிக்கவும் இல்லை, காரணம் சொல்லவும் இல்லை. இப்படி உத்தரவு போட்டால் செல்லாது என்று வாதாடி ஜெயித்தேன். அடுத்த மாதமே அதிகாரி அவரை அழைத்து விசாரித்து, நாலு பக்கம் காரணம் எழுதி, மறுபடியும் ரத்து செய்துவிட்டார். நடுவே நான் எழுதிய சட்டப் புத்தகத்திலிருந்தே மேற்கோள் வேறு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதைதான். நான் பாடமெடுக்கும் சட்டக் கல்லூரி வகுப்பில் மாணவர்கள் ஒரு வாரமாகச் சிரிக்கிறார்கள்.

அந்த அம்மா முகத்தில் விழிக்கவே கூச்சமாக இருந்தது. அவரோ, "விடுங்க மேடம், இந்தத் தடவ உக்கார வச்சுக் கேட்டாங்க. பின்பக்கம் வாசல் இல்லாததுதான் குறையாம். மொதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே செவுத்த இடிச்சிருப்பேனே" என்றார். நேற்று கொத்தனார் வேலையை ஆரம்பித்துவிட்டார்.

என் கறுப்புக் கோட்டுக்கு இரண்டு பொத்தான் அனுப்புங்கள். உறைமேல் முகவரியை நீங்களே எழுதுங்கள்.

கோர்ட்டில் என் வழக்கைக் கூப்பிடுகிறார்கள், முடித்துக்கொள்கிறேன். இந்த ஊருக்கு வேலைக்குப் போகாதே என்று நீங்கள் சொல்லி மூன்று வருடமாகிறது. இன்னமும் என் குரல் கேட்டதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். உத்தரவை மாற்ற வேண்டாம் அப்பா, காரணத்தை மட்டும் சொல்லுங்கள். எந்தச் சுவரை இடிப்பதென்று தெரியாமல் நிற்கிறேன்.

உங்கள் மகள்