எட்மண்டன் குமாருக்கு வைத்த நண்டுக்கறி

9 நவம்பர் 2009, திங்கள்

மழை. வீட்டைச் சூடாக்கும் பொயிலர் செத்துவிட்டது. எனக்கு முன்பே தெரியும். இந்தச் சத்தம் சரியில்லை, குளிருக்குள் காலை வாரும் என்று செப்டம்பரிலேயே சொன்னேன். தங்கச்சி ரதி ஒத்துக்கொள்ளவில்லை.

"எப்ப அண்ணை சொன்னனீங்கள்? ஹீற்றிங் போட்டாக் காசு எண்டு நிப்பாட்டிக்கொண்டு திரிஞ்சதுதான் தெரியும்."

அவளுக்கு ஞாபகம் குறைவு.

ரதியின் மகள் நிரோவுக்கு நேற்று ஆண் குழந்தை. ஒப்பரேஷன். வெள்ளி வீட்டுக்கு வருகிறாள். அதற்குள் வீடு சூடாக வேண்டும். பொறுப்பை நான் எடுத்துவிட்டேன். ஜேர்மனியில் ஹீற்றிங் கொம்பனி நடத்தியவன். நடத்தியவன் மாதிரித்தான்.

10, செவ்வாய்

இரண்டு பேர் வந்து பார்த்தார்கள்.

வெள்ளைக்காரன்: சப்பாத்துக்கு மேல் நீல உறை. புதுப் பொயிலர் 2600 பவுண். அடுத்த கிழமைதான் ஏலுமாம்.

தாசன், எங்கள் மாதா கோயில் ஆள்: முழங்காலில் நின்று மூடியைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே வெடிப்பு, திருத்திப் பிரயோசனமில்லை. புதிது 1700. வியாழனே போடலாம்.

நல்ல விலைதான். ஆனால் பேரம் பேசாமல் விட்டால் நான் என்ன ஆள்?

"இஞ்ச பக்கத்தில, எட்மண்டனில குமார் எண்டு ஒருத்தர். என்னோட ஜேர்மனியில நிண்டவர். தொளாயிரத்துக்குச் செய்யிறார்."

தாசன் சிரித்தார். "அப்பிடியெண்டா அவற்ற நம்பரைத் தாங்கோ அண்ணை. நானும் என்ர சாமான் வானை வித்துப்போட்டு அவரிட்டயே வேலைக்குப் போறன்."

ரதி தேத்தண்ணியோடு பின்னால் நின்றாள்.

11, புதன்

வெளியே குளிர், உள்ளேயும் அதே. ரதி தாசனுக்கு ரெலிபோன் எடுத்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை.

"உங்கட ஆள் இருக்கேக்க ஏன் அண்ணை வேற ஆள்? மிஞ்சிற காசுக்குத் தொட்டில் வாங்கலாம்."

குமார் நாளைக்கு வருவார் என்றேன். நல்ல வேலைக்காரன். மன்னார்ப் பக்கம். நண்டு என்றால் உயிர். அதை ஏன் சொன்னேனோ.

12, வியாழன்

ரதி ஷிப்டுக்குப் போகாமல் நின்று நண்டுக்கறி. ஆள் வரவில்லை. வழியில் வான் பழுதாம் என்றேன். குமாரின் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

13, வெள்ளி

குழந்தை வந்தது. தலையில் இரண்டு தொப்பி, மூக்கு சிவப்பு. நிரோ கோட்டோடு இருந்து பால் கொடுக்கிறாள். பக்கத்து வீட்டு குஜராத்தி அம்மா தந்த சின்ன ஹீற்றர் ஒரு மூலைக்குத்தான் காணும். நிரோ மேல் கழுவக் கேத்தில் கேத்திலாகச் சுடுதண்ணி.

"மாமா, அவற்ற நம்பரைத் தாங்கோ. நான் கதைக்கிறன்."

என்னுடைய பழைய நம்பரைக் கொடுத்தேன். குழந்தையைத் தோளில் போட்டபடி அடித்து அடித்துப் பார்த்தாள்.

"போகுதேயில்லை. பாவம், மனுசனுக்கு ஏதும் நடந்திட்டுதோ?"

மாலைச் செபத்தில், குமார் அண்ணை சுகமாக இருக்கவேண்டும் என்று ரதி ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்ல வைத்தாள். நானும் சொன்னேன். எல்லாரையும் விடச் சத்தமாக.

14, சனி

காற்று. ரெலிபோனில் கேட்க முகமில்லை. வெம்பிளிக்கு, தாசன் வீட்டுக்கு நேரே போனேன்.

"எட்மண்டன் ஆள் என்னவாம் அண்ணை?"

நாளைக்கே வர ஏலுமோ என்று மட்டும் கேட்டேன். அவருக்கு விளங்கிவிட்டது. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு. நாளைக்குப் பூசை முடிய வாறன். விலை அதேதான். ஆனா அந்த ஆளைப் பற்றி ரதியக்காட்ட நீங்கள்தான் சொல்லவேணும். எனக்கு ஏலாது."

வீட்டுக்கு வந்தால் ரதி நண்டுச் சட்டியைக் கழுவிக்கொண்டு சொல்கிறாள்:

"நாளைக்குப் பூசை முடிய எட்மண்டன் போய்ப் பாப்பம் அண்ணை. தனி மனுசன். விழுந்து கிடக்கிறாரோ தெரியாது."

ஓம் என்றேன். ஓம் என்றா சொல்வது?

சொல்லிப் பழகவேண்டும். முதலில் இதில் எழுதிப் பார்க்கிறேன்.

ரதி, எட்மண்டனில குமார் எண்டு ஒருத்தரும் இல்லை.