சட்டைக் காலரில் குத்திய பாடம்

என் அன்பு உருண்டைக்கு,

இங்கே நானும் என் முழங்கால் வலியும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் சௌக்கியம். அங்கே நீயும் மருமகளும் குட்டியும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்று முணுமுணுக்காதே, போனில் நீ பாதிக் காதால்தான் கேட்கிறாய், காகிதம் என்றால் இரண்டு கண்ணும் வேண்டும்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மூன்று மாதமாக உனக்குத் தெரியாமல் மருமகளுடைய பாஷையை, ஸ்பானிஷைப் படிக்கிறேன். சிரிக்காதே. தபால் நிலையத்து மாடியில் வாரம் இரண்டு நாள் வகுப்பு, எல்லாம் இருபது வயசுப் பிள்ளைகள். முதல் நாள் என்னை, வகுப்பைப் பெருக்க வந்த அம்மா என்று நினைத்துக் குப்பைக்கூடையை நீட்டினார்கள், நானும் வாங்கிக் கொட்டிவிட்டு வந்துதான் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். இப்போது 'யோ', 'தூ', 'எல்', 'எய்யா' என்று நான், நீ, அவன், அவள் பாடம் ஓடுகிறது. நம்மைப் போலவே அவர்களுக்கும் 'வந்தேன்' என்றால் போதுமாம், 'நான்' தனியாக வேண்டாமாம். 'நீங்க' என்பதற்கு 'உஸ்தேத்' கூட இருக்கிறது. மரியாதை தெரிந்த இடத்தில்தான் பெண் எடுத்திருக்கிறோம்.

ஆனால் மண்டையில் நிற்க வேண்டுமே! நான் வேலை பார்க்கிற லாண்டரியில் துணிக்குக் குத்துகிற சீட்டுகளில் ஒவ்வொரு சொல்லாக எழுதி, நம்பர் சீட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். திங்கட்கிழமைக் கூட்டத்தில் கை தவறி அதையே எடுத்து எட்டுப் பேர் துணியில் குத்திவிட்டேன். டாக்டரம்மா கோட்டு 'அவன்' ஆகிவிட்டது, வக்கீல் சட்டை 'நீ' ஆகிவிட்டது. எது யாருடையது என்று தெரியாமல் நானும் இஸ்திரி போடும் அண்ணனும் காலரை முகர்ந்து பார்த்துப் பிரித்தோம். அண்ணன், அக்கா நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஊரே சட்டை மாத்திப் போட்டுக்கிட்டுத் திரியும்னு தலையில் அடித்துக்கொண்டார். வக்கீலோ, கழுத்துல குத்துதேன்னு பார்த்தா மந்திரிச்ச சீட்டு, யாரும்மா எனக்குச் செய்வினை வச்சதுன்னு கோர்ட்டிலிருந்து நேராக வந்து நின்றார். முதலாளியம்மா, இந்த வயசுல எதுக்குடி உனக்கு அந்தப் பாஷை, அங்க எவனாவது காத்திருக்கானான்னு கேட்டாள். ஆமாம், ரெண்டு பேர்னு சொல்லிச் சமாளித்தேன்.

உன்னிடம் சமாளிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் பத்து நிமிஷம் பேசினால், அதை நீ மருமகளிடம் இரண்டு வார்த்தையில் சொல்லி முடித்துவிடுகிறாய். அவள் கையை ஆட்டி, கண்ணை உருட்டி, சிரித்துச் சிரித்து என்னமோ சொல்கிறாள். என்னடா என்றால், ஒண்ணுமில்லம்மா, சும்மா என்கிறாய். அந்த ஒண்ணுமில்லையோடுதான் வாரம் முழுக்க இந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவும் போன பிறகு இங்கே பேசுவதற்கு ஃபேன் ஒன்றுதான், அதுவும் தலையை ஆட்டுமே தவிர பதில் சொல்லாது. வகுப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாக்கியம் எழுதி வரச் சொன்னார்கள். 'நான்' ஒரு பக்கம் ஓடியது. 'நாங்கள்' என்ற இடத்தில் எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. டீச்சர் கேட்டதற்குப் பேனா தீர்ந்துவிட்டது என்றேன்.

நீ நடுவில் இல்லாமல் அவளோடு ஒரு தடவையாவது பேசிவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதனால் போன புதன்கிழமை, நீ வேலையில் இருக்கிற நேரமாகப் பார்த்து நானே வீடியோவில் கூப்பிட்டேன். 'நான்' வந்தது, 'நீ' வந்தது, நடுவில் போட ஒரு வார்த்தையும் வரவில்லை. அவள் உன்னையும் கூப்பிடவில்லை, போனையும் வைக்கவில்லை. ஒரு டப்பாவில் என்னைச் சாய்த்து வைத்துவிட்டு உருளைக்கிழங்கு தோல் சீவ ஆரம்பித்தாள். நானும் லாண்டரியிலிருந்து கொண்டுவந்த ஜோடி சேராத காலுறைக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டேன். குட்டி வந்து செருப்பைக் காட்டிவிட்டுப் போனான். இருபத்தைந்து நிமிஷம், இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்த்தோம். வைக்கும்போது காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து அடுத்த புதன்கிழமையை விரலால் தட்டிக் காட்டினாள்.

மூவரும் நோய்நொடியில்லாமல் நூறு வயசு இருங்கள். குட்டிக்குக் காதை மூடித் தொப்பி போடு. மறக்காதே, புதன்கிழமை மட்டும் ஆபீஸிலிருந்து சீக்கிரம் வந்து தொலைக்காதே.

இப்படிக்கு,
வகுப்பிலேயே மூத்த மாணவி,
உன் அம்மா